ஹாஷ்மார்க் வருவார்

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு அம்மா இருக்கிறார். வயது எழுபத்தாறு. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கருப்பினத்தவர். நாங்கள் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து ராலிக்குக் குடிவந்த முதல் வாரமே சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 'பை' என்கிற இனிப்புப் பண்டம் செய்து எடுத்துக்கொண்டு வந்தவர். இந்தப் பக்கத்து வழக்கப்படி நான் அவரை 'மேம்' என்றுதான் கூப்பிடுவேன். போன வசந்தத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனால், சாப்பாட்டு மேசையில் ஒரு தகர டப்பா. அதிலிருந்து ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். மடித்த இடமெல்லாம் நைந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவருடைய அப்பாவைப் படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்றிதழ். "இதை ஸ்கேன் பண்ணித் தரணும். ஒரு எழுத்துகூட விட்டுப்போகக் கூடாது" என்றார்.

அவருடைய அப்பா ஒரு மரைன், அதாவது கடலில் இருந்து கரையிறங்கிச் சண்டை போடும் அமெரிக்கப் படையின் வீரர். 1943இல் படைக்கு எடுக்கப்பட்டு, வட கரோலினாக் கடலோரத்தில் மாண்ட்ஃபோர்ட் பாயிண்ட் என்ற முகாமில் பயிற்சி பெற்றவர். அங்கே பயிற்சி பெற்ற எல்லோருக்கும் சேர்த்து அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் கொடுத்திருக்கிறது. இறந்துபோனவர்களின் குடும்பத்தார் ஆதாரம் காட்டி அதன் வெண்கலப் பிரதியை வாங்கிக்கொள்ளலாம். அதற்குத்தான் இந்த ஸ்கேன்.

"அப்பா அந்த முகாமைப் பற்றி என்ன சொல்வார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டார். ஒரே ஒரு பேர் மட்டும் சொல்வார். காலையில நாங்க படுக்கையை ஒழுங்கா மடிக்கலைன்னா, ஹாஷ்மார்க் வருவார், பார்த்துக்கோங்கன்னு சொல்வார். விவரம் தெரியற வரைக்கும் அது ஏதோ பேய்னு நினைச்சிட்டிருந்தேன்."

நம் வீடுகளில் பூச்சாண்டி வருவான் என்பார்களே, அது போல. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன்தான். இரண்டு மாதமாக வேறு எதுவும் படிக்க ஓடவில்லை.

அமெரிக்க மரைன் படையில் 1798இல் இருந்து கருப்பினத்தவருக்கு இடம் கிடையாது. தரைப்படையில் தனிப் பிரிவாகவாவது வைத்திருந்தார்கள். கடற்படையில் சமையலுக்கும் அதிகாரிகளுக்குப் பரிமாறுவதற்கும் வைத்திருந்தார்கள். மரைன் படையில் அதுகூட இல்லை. இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது ரயில் ஊழியர் சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், வேலைகளில் நிறப் பாகுபாட்டை நீக்காவிட்டால் ஆயிரக்கணக்கான கருப்பர்களைத் திரட்டி வாஷிங்டனில் ஊர்வலம் நடத்துவேன் என்று அறிவித்தார். அதற்குப் பிறகுதான் 1941 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அரசு வேலைகளிலும் பாதுகாப்புத் துறை வேலைகளிலும் நிறப் பாகுபாடு கூடாது என்ற 8802ஆம் எண் ஆணையில் கையெழுத்துப் போட்டார். மரைன் படைத் தளபதியாக இருந்த தாமஸ் ஹோல்கம்புக்கு இதில் துளியும் விருப்பம் இல்லை. 5,000 வெள்ளையர் உள்ள படையா, 2,50,000 கருப்பர் உள்ள படையா என்று கேட்டால் வெள்ளையரைத்தான் எடுத்துக்கொள்வேன் என்று அதிகாரிகள் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னவர் அவர். அந்த வாக்கியத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஐம்பது மடங்கு ஆட்கள், போர்க்காலம், அப்படியும் வேண்டாம் என்கிறார்.

ஆனால் ஆணை ஆணைதான். 1942 ஜூன் 1 முதல் ஆள் எடுத்தார்கள். எங்கே வைத்துப் பயிற்சி கொடுப்பது? வெள்ளையர்கள் பயிற்சி பெறும் பாரிஸ் ஐலண்டிலும் சான் டியாகோவிலும் சேர்க்க முடியாது என்று முடிவு செய்தார்கள். வட கரோலினாவில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த பெரிய தளமான கேம்ப் லெஜூனின் ஒரு ஓரத்தை ஒதுக்கினார்கள். நியூ ரிவர் என்ற ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்கு முன்னால் அகன்று விரிகிற இடத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. மூன்று பக்கமும் தண்ணீர், மீதியெல்லாம் பைன் காடும் சதுப்பும். அதுதான் மாண்ட்ஃபோர்ட் பாயிண்ட்.

7,50,000 டாலர் ஒதுக்கி அங்கே பச்சை வண்ணம் அடித்த 120 கொட்டகைகள் போட்டார்கள். கொட்டகைக்கு 16 பேர். அட்டை மாதிரி மெல்லிய சுவர்கள், குளிருக்கு ஒரு அடுப்பு. ஒரு தேவாலயம், ஒரு திரையரங்கம், சாப்பாட்டுக் கூடம், மருந்தகம், கிடங்குகள். அப்புறம் கொசு, பாம்பு. 1942 ஆகஸ்ட் 26 அன்று சார்லட் நகரத்து ஹவர்ட் பெர்ரி முதல் ஆளாக வந்து இறங்கினார். அன்றைக்கு வந்து சேர்ந்தவர்கள் மொத்தம் 13 பேர்தான்.

வடக்கு மாநிலங்களில் இருந்து வந்த பையன்களுக்கு முதல் பாடம் ரயிலிலேயே நடந்துவிடும். வாஷிங்டன் வரை எல்லோரோடும் உட்கார்ந்து வந்தவர்கள், அங்கே இறங்கிக் கருப்பர்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் ஏற வேண்டும். நாட்டுக்காகச் சண்டை போடக் கிளம்பியவனை நாட்டின் தலைநகரத்திலேயே பெட்டி மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். லெஜூன் முகாமும் அவர்கள் முகாமும் ஒரே தளம்தான், ஒரே படைதான். ஆனால் வெள்ளைக்கார மரைன் ஒருவர் துணைக்கு வந்தால்தான் இவர்களை லெஜூனுக்குள் விடுவார்கள்.

பக்கத்து ஊர் ஜாக்சன்வில். விடுமுறை கிடைத்து ஊருக்குள் போனால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் இவர்களுக்கு இடம். சாயங்காலம் முகாமுக்குத் திரும்பும் பேருந்தில் முதலில் வெள்ளை மரைன்கள் ஏறுவார்கள். இடம் மிச்சம் இருந்தால் இவர்கள். பல நாள் இடம் இருக்காது. நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தண்டனை. முகாமின் தளபதி கர்னல் சாமுவேல் வுட்ஸ் முகாம் லாரிகளையே ஊருக்கு அனுப்பித் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். அவர் தெற்கத்திக்காரர், பிரித்து வைக்கும் ஏற்பாட்டைக் கேள்வி கேட்டவர் இல்லை. ஆனால் தன் பொறுப்பில் இருப்பவர்கள் தெருவில் நிற்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த லாரிகளுக்காக அவரை நான் மதிக்கிறேன்.

எட்கர் ஹஃப் என்று ஒருவர். அலபாமாவில் உருக்காலையில் வேலை பார்த்த ஆறடிக்கு மேல் உயரமான ஆள். பயிற்சி முடித்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சீருடையோடு ஊருக்குக் கிளம்பினார். வழியில் ராணுவப் போலீஸ் பிடித்துக்கொண்டது. குற்றம் என்ன தெரியுமா? மரைன் வேடம் போட்டது. கருப்பு மரைன் என்று ஒருவர் உலகத்தில் இருக்க முடியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சிறையில் கிடந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அதே ஹஃப் பின்னால் மரைன் படையின் முதல் கருப்பு சார்ஜன்ட் மேஜர் ஆனார். முப்பது வருடம் சேவை செய்தார், வியட்நாம் வரைக்கும் போனார்.

இன்னொரு சம்பவம். 1943இல் முகாமில் ஒரு குத்துச்சண்டை நிகழ்ச்சி. லெஜூன் தளத்துக்குப் புதிதாக வந்த ஜெனரல் ஹென்றி லார்சன் பேச எழுந்தார். பசிபிக்கில் இருந்து திரும்பியிருந்தவர். போர் எவ்வளவு தீவிரமாகிவிட்டது என்பது நாட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தனக்குப் புரிந்தது, பெண்கள் மரைன் ஆகிவிட்டார்கள், நாய்களும் வந்துவிட்டன, கடைசியில் உங்களையும் எங்கள் சீருடையில் பார்த்தபோதுதான் போர் நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன் என்ற பொருளில் பேசினார். அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக அந்தப் பேச்சை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆனால் 'யூ பீப்பிள்' என்ற சொல் யார் சொல்வதிலும் தவறாமல் வருகிறது. அதைத் தமிழில் 'நீங்கள்' என்று எழுதினால் பத்தாது. 'உங்க ஆளுங்க' என்று சிலர் இழுத்துச் சொல்வார்களே, அந்தக் குரல். கேட்டவர்களுக்குத்தான் அது எங்கே போய்த் தைக்கும் என்று தெரியும். அன்றைக்குக் கூட்டம் கொதித்துவிட்டது.

சரி, ஹாஷ்மார்க்குக்கு வருகிறேன்.

அவர் பெயர் கில்பர்ட் ஜான்சன். 1905இல் அலபாமாவில் பிறந்தவர். மாண்ட்ஃபோர்ட் பாயிண்ட்டுக்கு வந்தபோது வயது 37, சுற்றி இருந்த பையன்களுக்கோ பதினெட்டு பத்தொன்பது. அதற்கு முன்பே தரைப்படையில் ஆறு வருடம், கடற்படையில் ஏறக்குறைய பத்து வருடம் வேலை பார்த்தவர். கடற்படையில் எத்தனை வருடம் இருந்தாலும் அதிகாரிகளுக்குத் தட்டு எடுத்து வைக்கும் வேலைக்கு மேல் ஒரு கருப்பருக்குக் கிடைப்பது அரிது. மரைன் படை திறக்கிறது என்று கேள்விப்பட்டதும் எழுதிக் கேட்டு மாறிக்கொண்டு வந்துவிட்டார். சேவைக்காலத்தைக் காட்ட சட்டைக் கையில் சாய்வாகத் தைக்கும் கோடுகளுக்கு ஹாஷ்மார்க் என்று பெயர். புதுசாகச் சேர்ந்த பையன்கள் நடுவில் கை நிறையக் கோடுகளோடு ஒருவர் வந்து நின்றால் எப்படி இருக்கும்? பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில் பயிற்சி கொடுத்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவர்கள் இடத்துக்குக் கருப்பு சார்ஜன்ட்களைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்தார்கள். 1943 மே மாதத்துக்குள் எல்லா பிளட்டூனும், அதாவது பயிற்சிக் குழுவும், கருப்பு இன்ஸ்ட்ரக்டர்கள் கைக்கு வந்துவிட்டது. ஜான்சன், ஹஃப் எல்லாம் அப்போது வந்தவர்கள்தான். இந்த இரண்டு பேரும் பின்னால் இரட்டைச் சகோதரிகளை மணந்து சகலைகளானார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

நம்ம ஆள் வந்துவிட்டார், இனிமேல் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பையன்கள் நினைத்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. வெள்ளை இன்ஸ்ட்ரக்டர்களைவிட இவர்கள் கடுமையாக இருந்தார்கள் என்று பயிற்சி பெற்றவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ரயிலில் அவமானம், பேருந்தில் அவமானம், கொட்டகையில் குளிர், இதற்கு மேல் சொந்த ஆளும் சேர்ந்து வாட்ட வேண்டுமா?

அப்புறம் ஹோல்கம்பின் அந்த வாக்கியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தத் தளபதியின் படையில்தான் ஜான்சன் நிற்கிறார். ஒரு வெள்ளைப் பையன் பயிற்சியில் தோற்றால் அவன் ஒருவன் தோற்றான். இங்கே ஒருவன் தோற்றால் 'நாங்கள்தான் அப்போதே சொன்னோமே' என்று கதவை இழுத்து மூடக் காத்திருக்கிறார்கள். பதினாறு வருடம் இரண்டு படைகளில் இருந்து பார்த்த மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பல வருடம் கழித்துத் தன் பழைய மாணவர்களிடம் பேசும்போது, உங்களில் சிலருக்கு நான் அரக்கனாகத் தெரிந்திருப்பேன் என்று ஜான்சன் ஒத்துக்கொண்டார். கறாராக இருந்தேன், ஆனால் நியாயமாக இருந்தேன், சில வாரத்தில் உங்களை முழு மரைன்களாக ஆக்க வேண்டும் என்ற, ஏறக்குறைய நடக்கவே முடியாத இலக்கு என் முன்னால் இருந்தது என்றார். இதை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசி என்றார்.

போரில் என்ன ஆனது என்பதைச் சொன்னால்தான் இந்த முகாமின் கதை முழுசாகும். பீரங்கி, விமான எதிர்ப்புப் பீரங்கி எல்லாம் பழக்கி 51ஆம், 52ஆம் பாதுகாப்புப் பட்டாலியன்களை உருவாக்கினார்கள். 51ஆம் பட்டாலியன் 1944 தொடக்கத்தில் பசிபிக்கில் எல்லிஸ் தீவுகளுக்குப் போனது. ஆனால் அங்கே போர் ஏற்கனவே நகர்ந்துபோயிருந்தது. பழகிய பீரங்கிக்குப் பெரிய வேலை வரவில்லை. அதே நேரம், பயிற்சி குறைவாகப் பெற்று, மூட்டை தூக்கவும் குண்டுகளை இறக்கவும் என்று அனுப்பப்பட்ட டிப்போ கம்பெனிகளும் வெடிமருந்துக் கம்பெனிகளும்தான் போரின் நட்டநடுவில் போய் விழுந்தன. 1944 ஜூன் 15, சைப்பான் தீவு. படகில் இருந்து சரக்கு இறக்க வந்தவர்கள் துப்பாக்கியைப் பிடித்து வரிசையில் நின்றார்கள். அன்றைக்கு உயிரிழந்த கென்னத் டிப்ஸ்தான் போரில் இறந்த முதல் கருப்பு மரைன். ஹோல்கம்புக்கு அடுத்துத் தளபதியாக வந்த வாண்டகிரிஃப்ட் சைப்பான் செய்தி கேட்டுச் சொன்னது இது: கருப்பு மரைன்கள் இனிமேல் சோதனையில் இல்லை, அவர்கள் மரைன்கள், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் அப்பாவும் ஒரு டிப்போ கம்பெனியில்தான் இருந்தார். சான்றிதழில் அவர் வேலை சரக்கு ஏற்றி இறக்குவது என்று ஒரே வரியில் இருக்கிறது. சைப்பான் என்ற பெயரும் அதே காகிதத்தில் கீழே சின்னதாக இருக்கிறது. அதை நான் ஸ்கேனில் பெரிதாக்கிக் காட்டும் வரை அவர் கவனித்ததே இல்லை.

1945 மார்ச் 26 விடியற்காலை இவோ ஜிமா தீவில் ஜப்பானியர்கள் நடத்திய கடைசித் தாக்குதலும் இப்படித்தான் ஒரு டிப்போ கம்பெனி தங்கியிருந்த பக்கம் வந்தது. அதில் எதிர்த்து நின்ற ஜேம்ஸ் விட்லாக், ஜேம்ஸ் டேவிஸ் என்ற இரண்டு சிப்பாய்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. ஜான்சன் குவாம் தீவில் இருந்தார். எங்கள் ஆட்களையும் ரோந்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கி, 25 ரோந்துகளுக்குத் தானே தலைமை தாங்கிப் போனார். போர் முடிவதற்குள் 19,168 கருப்பர்கள் மரைன் படையில் பணியாற்றியிருந்தார்கள்.

1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் ராணுவத்தில் பாகுபாடு கூடாது என்று ஆணையிட்டார். 1949 செப்டம்பர் 9 அன்று மாண்ட்ஃபோர்ட் பாயிண்ட் தனி முகாமாக இருந்தது முடிந்தது. ஏழு வருடத்தில் அங்கே சுமார் 20,000 பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள். அதற்கப்புறம் நாடு அவர்களை மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1965இல் ஃபிலடெல்ஃபியாவில் அவர்களே ஒன்றுகூடினார்கள், சங்கம் அமைத்தார்கள். தங்கப் பதக்கம் வந்தது 2012 ஜூன் 27 அன்று. வாங்கிக்கொள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட பெரியவர்கள் வந்திருந்தார்கள், பலர் சக்கர நாற்காலியில். மற்றவர்களின் குடும்பங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவின் அப்பா 1988இலேயே இறந்துவிட்டார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு ஜாக்சன்வில் போனேன். காரில் இரண்டரை மணி நேரம். நெடுஞ்சாலையில் இருந்து மாண்ட்ஃபோர்ட் லாண்டிங் ரோடு என்று திரும்பினால் நினைவுத் தோட்டம். 1983இல் பெய்ரூட்டில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கு ஒரு சுவர், வியட்நாமுக்கு ஒன்று, அப்புறம் 2016இல் திறந்த மாண்ட்ஃபோர்ட் பாயிண்ட் நினைவிடம். துப்பாக்கியோடு மேட்டில் ஏறும் ஒரு மரைனின் வெண்கலச் சிலை. பக்கத்தில் நிஜமான விமான எதிர்ப்புப் பீரங்கி. பின்னால் சுவரில் நட்சத்திரங்கள், பயிற்சி பெற்ற ஆளுக்கு ஒன்று வீதம்.

பெயர் எழுதவில்லை. எது யாருடையது என்று கிடையாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அப்பா பெயரைத் தொட்டுப் பார்க்க முடியவில்லையே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சங்கடப்பட்ட மாதிரித் தெரியவில்லை. சுவரை ஒட்டி மெதுவாக நடந்தார். வெயில் ஏறியிருந்தது, பைன் மரங்களில் சிள்வண்டுச் சத்தம். ஓர் இடத்தில் நின்றார். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு நட்சத்திரத்தில் கட்டைவிரலை வைத்துத் தூசியைத் துடைத்தார். கைக்குட்டை எடுத்து எச்சில் தொட்டு மறுபடி துடைத்தார். சின்னப் பிள்ளைக்கு முகம் துடைப்பது போல. "இதுதான்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்தில் இருந்து அதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் முகாமின் வாசல் வருகிறது. இன்றைக்கும் அது மரைன் தளம்தான், தளவாடப் பணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. கேட்டுக்கு முன்னாலேயே ஓரமாக நிறுத்தினேன். ஜான்சன் 1972இல் இதே ஜாக்சன்வில்லில், பழைய மரைன்களின் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து இறந்தார். இரண்டு வருடம் கழித்து, 1974 ஏப்ரலில், முகாமுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஒரு கருப்பரின் பெயரைத் தாங்கிய முதல் மரைன் தளம் அது. போகும் வழியிலேயே இதைச் சொல்லியிருந்தேன். இருந்தாலும் பலகையில் கேம்ப் ஜான்சன் என்று எழுதியிருந்ததை அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக் கூட்டுவது போல வாசித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். பலகையைப் பார்த்தபடியே, என்னிடம் சொல்வது போல இல்லாமல் சொன்னார்:

"படுக்கையை மடிச்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன், சார்."